தம்பியின் படமும் என் சப்டைட்டிலும்

1

எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையின் கண்ணாடிக் கதவில் போன மாதம் என் தம்பியின் முகம் ஒட்டியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் ரொட்டி வாங்க நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தலை கலைந்து, ஐந்து நாள் தாடியோடு, கண்ணை இறுக மூடி வாயை அகலத் திறந்திருந்தான். நான் பார்ப்பதைக் கவனித்த கடைக்கார அம்மாள், "பாவம், எப்போதிலிருந்து காணவில்லையாம்?" என்று கேட்டார்.

"காணாமல் போகவில்லை. பாடுகிறான்," என்றேன்.

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் திரையிடப் போகிற ஆவணப்படத்தின் சுவரொட்டி அது. எடுத்தவள் என் மகள் ரூத். படத்தில் இருப்பவன் அவளுடைய தாய்மாமன், என் தம்பி ஜெயசீலன். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'திருப்பூரின் மிகச் சத்தமான மனிதன்' என்று வரும். ஜெர்மன்காரர்களுக்கு அது ஏதோ ஒரு பெயர். நிட்டிங் மெஷின், ஜெனரேட்டர், பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டி ஒருவன் அந்தப் பட்டத்தை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் திருப்பூர் பக்கத்துச் சேவூர்க்காரி. இங்கே ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. கணவர் சாமுவேலுக்கும் அந்தப் பக்கம்தான், வெள்ளகோவில். இங்கிருந்து திருப்பூருக்கு நிட்டிங் மெஷின்கள் போயின. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் என்று அங்கிருந்து இவரை இங்கே அழைத்தார்கள். நான் ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறேன். அறுபது குழந்தைகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு வேகவைப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

2

சீலனுக்குக் கிடார் சொல்லிக் கொடுத்தது சர்ச். கெடுத்தது யாரென்று எங்கள் அப்பா இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவன், அங்கேயே நாலு பேரைச் சேர்த்து ராக் இசைக்குழு ஒன்று ஆரம்பித்தான். பேர் 'ஓவர்லாக்'. துணியின் ஓரம் பிரிந்து வராமல் சேர்த்துத் தைக்கிற மெஷினுக்கு அந்தப் பேர். "சொல்லறப்பவே ராக்குன்னு ஒரு சத்தம் வருதுல்லக்கா," என்றான். டிரம்ஸ் வாசித்தது சுடலை என்கிற கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், வாயைத் திறந்தால் 'ஏலே'தான். அவர்களுடைய முக்கியமான பாட்டில் இருந்தது ஒரே வரி: 'ஓரம் பிரியுது சாமி, ஓரம் பிரியுது.' அதைப் பதினைந்து நிமிடம் கத்துவான். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைக் கிறிஸ்தவப் பாட்டு என்றும், மீதிப் பேர் கம்பெனிக்கு எதிரான கோஷம் என்றும் நினைத்தார்கள்.

பெரிய மேடை அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை விழாவில். நானும் போயிருந்தேன். ராக் பாடகர்கள் மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் குதித்தால் கூட்டம் கைகளில் ஏந்திக்கொள்ளும் என்று சீலன் எங்கேயோ வீடியோவில் பார்த்திருந்தான். பாட்டின் உச்சத்தில் கைகளை விரித்துக்கொண்டு குதித்தான். நம் ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவர் மேல் வந்து விழுகிறார் என்றதும், "தள்ளுங்க, தள்ளுங்க, வழி உடுங்க," என்று ஒருவருக்கொருவர் சொல்லி, அழகாக விலகி இடம் கொடுத்துவிட்டார்கள். தரையில் விழுந்தான். "பாத்து வரக்கூடாதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டபடி நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கணுக்கால் பிசகியிருந்தது.

சிரித்துச் சொல்லக்கூடியது இதுவரைதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். குழு கலைந்தது. சீலன் குடிக்க ஆரம்பித்தான். மூன்று கம்பெனிகளில் வேலை போனது. நாங்கள் ஜெர்மனி வந்து நாலு வருடம் இருக்கும், ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. எட்டாம் நாள் காங்கேயத்திலிருந்து, கொப்பரை காயப்போடுகிற ஒரு எண்ணெய் மில்காரர் எங்கள் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். "உங்க பையன் எங்க களத்துல தேங்காய்ப் பருப்பு மேலயே படுத்துக் கெடக்கறாருங்க. தொந்தரவு பண்ண மனசில்லீங்க. ஆனா பருப்பத் திருப்பிப் போடோணும். கொஞ்சம் வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அங்கிருந்து நேராகக் குடிநோய் சிகிச்சை மையத்துக்குக் கொண்டு போனார்கள். ஐந்து மாதம் இருந்தான். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று அம்மா போனில் அழுதபோது, "துபாய் போயிருக்கான்னு சொல்லீருங்க," என்று யோசனை சொன்னவள் நான். அம்மா சொன்னார். சர்ச்சில் அவனுடைய துபாய் வேலைக்காக ஸ்தோத்திர ஜெபமே நடந்தது. திரும்பி வந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தி, "துபாய்ல வெயில் எப்படீங்க?" என்று கேட்க, "நான் ரூமுக்குள்ளயேதானுங்க இருந்தேன்," என்றானாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

3

அப்போது ரூத்துக்கு எட்டு வயது. அவளுக்கும் துபாய்தான் சொன்னேன்.

இப்போது அவள் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். பசித்தால் தமிழ், கோபம் வந்தால் ஜெர்மன் என்று வைத்திருக்கிறாள். வர வரக் கோபம்தான் அதிகம். பட்டத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றதும், மாமாவைப் பற்றி எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகத் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஒரு கலைஞனுடைய வேதனையை நெருங்கிப் பார்க்க வேண்டும், இருட்டு வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆனால் அவளுடைய தமிழ் என் சமையலறையில் கற்றது. வேதனைக்கு அதில் வார்த்தை கிடையாது. ஜெர்மனில் யோசித்துத் தமிழில் கேட்டாள். அந்தக் காட்சிகளை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

"மாமா, நீங்க எப்ப உடைஞ்சீங்க?"

சீலன் யோசிக்கிறான். "ஒடையல கண்ணு. பெசகுனதுதான். எண்ணெ போட்டு நீவுனாங்க, சரியாப் போச்சு."

"உங்களோட இருட்டப் பத்திப் பேசலாமா?"

"இருட்டா? இப்பல்லாம் கரண்ட் அவ்வளவாப் போறதில்ல கண்ணு. முன்னாடிதான் ரொம்பக் கஷ்டம்."

இரண்டு வாரம் இப்படிப் போனது. மூன்றாவது வாரம் அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, சும்மா அவன் கூடவே திரிந்தாள். அவன் இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பல வருடமாகக் குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பனியன் வேஸ்ட் அடுக்கிய ஒரு குடோனில் அவனும் சுடலையும் வாசிக்கிறார்கள். நாலு பக்கமும் துணி மூட்டைகள் இருப்பதால் சத்தம் வெளியே போவதில்லை. அக்கம்பக்கத்தார் சந்தோஷமாக இருக்கிறார்கள். அங்கே ஒரு பாட்டு முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம், துபாயிலும் பாடினீர்களா என்று ரூத் கேட்டிருக்கிறாள்.

"துபாயா?" என்று சுடலையைப் பார்த்திருக்கிறான். சுடலை, "இவன் துபாய்க்கா? இவன் திருச்சியவே தாண்டுனதில்லையே," என்றார். அதன் பிறகு சீலன் கேமராவைப் பார்த்து, நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசியிருக்கிறான். பாடிப் பாடிக் கம்மிப்போன குரல், ரூத்துக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. சிகிச்சை மையம் என்பது மட்டும் புரிந்தது. அன்று எனக்குப் போன் செய்து ஜெர்மனில் பேசினாள். நான் தமிழில் பதில் சொல்லப் பார்த்தேன். அவள் ஜெர்மனை விடவில்லை.

4

கோபம் இருந்தாலும் சப்டைட்டிலுக்கு என்னிடம்தான் வர வேண்டியிருந்தது. முதலில் தன்னோடு படிக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "உங்கட மாமா ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால மன்னிப்புக் கேக்கிறார்?" என்றாளாம். எல்லாம் நம்முடைய 'ங்க'தான்.

ஆகவே சனிக்கிழமை மதியங்களில் நானும் ரூத்தும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் பேச, நான் சொல்ல, அவள் தட்டச்சு செய்வாள். ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று கணக்கு. 'வந்துட்டுப் போயிருங்க' என்பதை ஜெர்மனில் சொன்னால் 'வா, பிறகு வெளியேறு' என்று வருகிறது. 'சாமி' என்று அவன் என் அப்பாவைக் கூப்பிட்ட இடத்தில் 'கடவுளே' என்று போட்டுவிட்டாள். அப்பா கடவுளான விஷயம் மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

குடோன் காட்சிக்கு வந்தோம். மூட்டையின் மேல் உட்கார்ந்து சீலன் பேசுகிறான். "அங்க சேத்து மூணாவது வாரமுங்க. போன் பேச உட்டாங்க. எங்கக்காவுக்குப் போட்டேன். ஜெர்மனிக்கு. அக்கா, என்னைய இங்கிருந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு, பயமா இருக்குதுன்னேன். அக்கா, கேக்கலடா, லைன் சரியில்லன்னு வெச்சுட்டாங்க. மறுபடி போட்டேன். அப்பவும் அப்படியேதானுங்க. லைன் நல்லாத்தான் இருந்துச்சுங்க. அவங்க ஊட்டுக் குக்கர் விசில் வரைக்கும் கேட்டுச்சு." கொஞ்சம் சிரித்தான். "அதுக்கப்பறம் நான் யாரையும் கூப்படல."

ரூத் விரல்களை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணவரின் மேலாளரும் அவர் மனைவியும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். கூடத்தில் இருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது. எப்போது போன் வந்தாலும் அவனைப் பற்றிய அழுகைதான் என்று சலித்துப் போயிருந்தேன். இவையெல்லாம் காரணங்கள். நடந்தது என்னவென்றால், அவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"சொல், அம்மா," என்றாள் ரூத், ஜெர்மனில்தான்.

"அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குத் தொலைபேசி இணைப்பு மோசமாக இருந்தது," என்றேன்.

தட்டச்சு செய்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "மாமா நிறைய நேரம் பேசினாரே. ஒரு வரிதானா?"

"அவன் இழுத்து இழுத்துப் பேசுவான். உனக்குத்தான் தெரியுமே."

எழுந்து போய் அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்பைத் துடைத்தேன்.

5

படம் முடிந்ததும், மாமா நேரில் வந்தே ஆக வேண்டும் என்றாள் ரூத். அழைப்புக் கடிதத்துக்காக நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் படிவத்தை மேலிருந்து கீழே படித்தார்.

"தொழில், ராக் இசைக்கலைஞர் என்று எழுதியிருக்கிறீர்கள். இணைத்திருக்கும் கம்பெனிக் கடிதத்தில் சூப்பர்வைசர் என்று இருக்கிறது. இதில் எது அவர்?"

"இரண்டும்."

"ஒரு கட்டம்தான் இருக்கிறது."

சூப்பர்வைசர் என்று மாற்றினேன்.

"எதற்காக வருகிறார்?"

"அவரைப் பற்றிய படத்தைப் பார்க்க."

"பாடுவாரா?"

"பாடலாம்."

பேனாவைக் கீழே வைத்தார். பாடினால் அது வேலை. வேலைக்கு வேறு விசா. உட்கார்ந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்வதென்றால் பார்வையாளர் விசா போதும். இதை மிகுந்த பொறுமையோடு எனக்கு விளக்கினார். கடைசியில், ஜெர்மனியில் இருக்கும் ஒன்பது நாளும் எந்தப் பொது இடத்திலும் பாட மாட்டான் என்று ஒரு உறுதிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால் நல்லது என்றார்.

சீலனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"பாட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுமா?"

"ஆமாடா."

"நம்மூட்டுல இதத்தானக்கா இத்தன வருசமாக் கேட்டுட்டு இருந்தாங்க. ஜெர்மன்காரன் ஒரு கடுதாசில வாங்கிப்போட்டான் பாரு."

சென்னையில் விசா நேர்காணலில், நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டிருக்கிறார்கள். "திங்கக்கெழம ஷிப்மென்ட் இருக்குதுங்க," என்று சொல்லியிருக்கிறான். கொடுத்துவிட்டார்கள்.

6

வந்து இறங்கிய மறுநாள் அவனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வட்டாரத்து ஜெர்மனில் எந்தப் பொருளின் பெயரோடும் 'லே' சேர்த்துச் சொல்வார்கள். சின்ன வீடு, சின்னக் கோப்பை, கொஞ்சம் என்பதற்குக்கூட ஒரு 'லே'. ரொட்டிக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் என் காதில், "என்னக்கா, இங்க எல்லாம் சுடலையோட சொந்தக்காரங்களா இருக்காங்க?" என்றான். கடைக்கார அம்மாள் அவனைப் பார்த்துவிட்டு, கதவில் இருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டார்களா என்று சந்தோஷப்பட்டுக் கையைக் குலுக்கினார்.

திரையிடல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. மழலையர் பள்ளி ஆட்கள், எங்கள் பாதிரியார், கல்லூரிக்காரர்கள், ரொட்டிக்கடை அம்மாள் என்று எண்பது பேர் இருப்பார்கள். சீலன் எனக்கும் ரூத்துக்கும் நடுவில் உட்கார்ந்தான், கணவர் பின்வரிசையில். மேடையிலிருந்து அவன் குதிக்கிற பழைய வீடியோ வந்தபோது அரங்கமே சிரித்தது; அவனும் சிரித்தான். குடோன் காட்சி வந்தது. திரையில் அவன் குக்கர் விசிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே தொலைபேசி இணைப்பு மோசமாக இருந்தது என்று ஓடியது. அவனுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் தான் பேசியதன் நீளமும் கீழே ஓடியதன் நீளமும் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பவில்லை.

படம் முடிந்ததும் எங்கள் மூவரையும் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மொழிபெயர்ப்பு நான். முதல் கேள்வியே, ஒரு பாட்டுப் பாடுவாரா என்பதுதான். அனுமதி இல்லை, எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றேன். நம் ஊராக இருந்தால் கல் பறந்திருக்கும். இங்கே எல்லோரும் ஆழ்ந்த மரியாதையோடு தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். சீலன் வியந்துபோனான். "என்னக்கா, கேட்டுட்டு உடனே உட்டுட்டாங்க?" என்றான்.

பிறகு, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் எழுந்தார். "அந்த மோசமான காலத்தில் உங்கள் குடும்பம் உங்கள் பக்கம் நின்றதா?"

அவனிடம் தமிழில் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு மைக்கை வாங்கி, கூட்டத்தைப் பார்த்து, "எங்கக்காதானுங்க எல்லாம் பாத்துக்கிட்டாங்க. அவங்க இல்லீன்னா நானில்லீங்க," என்றான்.

மைக் என் கைக்கு வந்தது. இரண்டு வாக்கியம். அப்படியே சொல்லிவிட்டால் முடிந்தது, கைதட்டுவார்கள். ரூத் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து மாதக்கணக்காகிறது.

"அக்காதான் எல்லாம் பார்த்துக்கொண்டாள் என்று சொல்கிறான்," என்று ஜெர்மனில் ஆரம்பித்தேன். "அது மரியாதைக்காக. எங்கள் ஊரில் எதிரில் இருப்பவரை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான். பயமாக இருக்கிறது என்றான். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். கேட்கவில்லை என்று சொல்லி இரண்டு தடவை வைத்துவிட்டேன். நீங்கள் படித்த வரி அவன் சொன்னதல்ல. நான் எழுதியது. என் மகளுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது."

இதில் இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை. நான் பிழையாகப் பேசினால் ரூத் யார் முன்னாலும் திருத்துவாள். ஐந்து வயதிலிருந்து அந்தப் பழக்கம். அன்று திருத்தவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அம்மாள் மெல்ல உட்கார்ந்தார்.

சீலன் என் பக்கம் சாய்ந்து கேட்டான். "என்னக்கா சொன்ன? அத்தன பேரும் கம்முனு ஆயிட்டாங்க."

"நீ சொன்னதத்தான்டா சொன்னேன்."

"நான் ரெண்டு வார்த்ததான சொன்னேன்."

"ஜெர்மன் நீளமான பாஷை."

7

வீட்டுக்கு நடந்து வந்தோம். ரூத் பத்தடி முன்னால் தன் அப்பாவோடு போய்க்கொண்டிருந்தாள். சீலன் குளிருக்குக் கணவரின் கோட்டை மாட்டியிருந்தான். கைகள் உள்ளேயே தொலைந்து போயிருந்தன. பாலம் தாண்டியதும், "நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றான்.

"உனக்கு எங்கடா ஜெர்மன் தெரியும்?"

"உம்மூஞ்சி தமிழ்லதான இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பதினாறு வருடமாக எத்தனையோ வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். "குளுருதா?" என்று கேட்டேன். "குளுருதுக்கா," என்றான். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோட்டுக்குள் எங்கே கை இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை நான் அடுப்படிக்கு வந்தபோது, ரூத் ஏற்கெனவே மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். குடோன் காட்சியில் படம் நின்றிருந்தது. படம் அடுத்த மாதம் வேறு ஊர்களுக்கும் போகிறது. தலையை நிமிர்த்தாமல், "மாமா பேசினத முழுசாச் சொல்லும்மா," என்றாள். தமிழில் சொன்னாள். பசித்ததா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவள் தட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொடர்ந்தாள்.

சீலன் காபி டம்ளரோடு வந்து பின்னால் நின்றான். நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்கு கண்ணு அதையெல்லாம் மாத்தீட்டு?" என்றான் ரூத்திடம். "பழைய மாதிரியே இருக்கட்டும். நெசமாவே அப்பல்லாம் லைன் சரியா இருக்காது."

ரூத் என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன். "அப்படியே போடு."